குழந்தைக்குத் திட்டமிடும்போது தடுப்பூசி: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ்த் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

வேலை விசாவில் வந்து, மிட்ராண்டிலோ சென்சூரியனிலோ டர்பன் பக்கம் அம்ஷ்லாங்காவிலோ வீடு பிடித்து, கொஞ்சம் நிலைப்பட்டதும் குழந்தையைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனிலும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேள்வி. அந்த நேரத்தில்தான் பலருக்கு இந்தச் சந்தேகமும் வருகிறது: இப்போது தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? கரு தங்குவதற்கு ஏதாவது இடைஞ்சல் வருமா?

இப்படிக் கேட்பவர்கள் மனதில் பெரும்பாலும் ஃப்ளூ ஊசியோ கொரோனா ஊசியோதான் இருக்கும். அந்த இரண்டுக்கும் பெரிதாக நாள் பார்க்க வேண்டியதில்லை. நாள் குறித்து, கணக்குப் போட்டுச் செய்ய வேண்டியவை, கருவைத் தாக்கக்கூடிய ருபெல்லா என்ற தொற்றுநோய்க்கான ஊசியும் சின்னம்மை ஊசியும். அவற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. கரு தங்கிய பிறகு இந்த இரண்டையும் போடமாட்டார்கள், பிரசவம் முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே, "போடலாமா, வேண்டாமா" என்பதை விட "எதை இப்போதே, எதைப் பிறகு" என்று கேட்டுக்கொண்டால் முடிவெடுப்பது எளிது.

முதல் படி: இரண்டு வகை ஊசிகளைப் பிரித்துப் பாருங்கள்

சில தடுப்பூசிகளில் நோய்க்கிருமியே, வலுவிழந்த நிலையில், உயிரோடு இருக்கும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆகியவை இந்த வகை. இவற்றைப் போட்டுக்கொண்டால் நான்கு வாரம் கழித்துத்தான் கருத்தரிக்க முயல வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் கூடாது.

மற்றவற்றில் உயிருள்ள கிருமி கிடையாது. ஃப்ளூ ஊசி, கொரோனா ஊசி, ஹெபடைடிஸ் பி, டி.டி. என்று நாம் சொல்லும் டெட்டனஸ் ஊசி, கக்குவான் இருமலுக்கான ஊசி எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்குக் காத்திருப்பே இல்லை. இன்று போட்டுக்கொண்டு அதே வாரம் கரு தங்கினாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசி மட்டும் கொஞ்சம் வேறு. அதிலும் உயிருள்ள கிருமி இல்லை என்றாலும் கர்ப்பகாலத்தில் போடுவதில்லை. ஒரு டோஸ் போட்ட பிறகு கரு தங்கிவிட்டால் மீதியைப் பிரசவத்துக்குப் பின் தொடர்வார்கள்.

இரண்டாம் படி: எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்கள் என்று பாருங்கள்

ருபெல்லா குழந்தைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சல், தோலில் தடிப்பு, மூன்று நாளில் சரியாகிவிடும். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தாய்க்கு வந்தால், கரு பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை போகலாம். இதயக் கோளாறு, கண்புரை, காது கேளாமை, மூளை வளர்ச்சிக் குறைபாடு, சில நேரம் கருச்சிதைவு. இந்தத் தொடர்பை முதலில் கவனித்தவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததை அவர் 1941-இல் பதிவு செய்தார். இவ்வளவு கொடுமையைத் தடுக்க ஒரே ஓர் ஊசி போதும் என்பதால்தான் இதை இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் பிறந்த ஆண்டைப் பாருங்கள். இந்தியாவில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் வரை போட்டார்கள். அப்படியானால் 2002-க்கு முன் பிறந்தவர்கள் அதில் சேரவில்லை. அவர்களுக்குச் சிறுவயதில் அரசு ஆஸ்பத்திரியில் போட்டது பெரும்பாலும் தட்டம்மை ஊசி மட்டுமே, அதில் ருபெல்லா கிடையாது. தனியார் குழந்தை மருத்துவரிடம் எம்.எம்.ஆர். போட்டிருந்தால்தான் உண்டு. 2002-க்குப் பிறகு பிறந்தவர்களும் நிச்சயமாக இருக்க முடியாது. அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பி, பள்ளியில் ஊசி போடும் நாளில் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட பெற்றோர் தமிழ்நாட்டில் நிறையப் பேர்.

இலங்கையில் கதை வேறு. அங்கே 1996-லேயே பெண்களுக்கு ருபெல்லா ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் இடம்பெயர்ந்து, பள்ளி மாறி, தடுப்பூசி அட்டை தொலைந்தவர்கள் பலர். அட்டை இல்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணாக இருந்தால்? சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா பக்கம் திருமணம் செய்துகொண்டு வந்தவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். இங்கே அரசுத் தடுப்பூசி அட்டவணையில் ருபெல்லா சேர்ந்ததே 2024-இல்தான். அதுவரை அரசு கிளினிக்கில் தட்டம்மை ஊசி மட்டும் கொடுத்தார்கள். இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணமும் உண்டு. போதுமான பிள்ளைகளுக்கு ஊசி போய்ச் சேராவிட்டால், நோய் குழந்தைப் பருவத்தில் வராமல் தள்ளிப்போய், கருத்தரிக்கும் வயதில் பெண்களைத் தாக்கும். அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே மேல் என்ற கவலை பல நாடுகளில் இருந்தது.

இதன் பொருள், இந்த நாட்டில் ருபெல்லா இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே வசந்த காலத்தில், அதாவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை, அது கூடுகிறது. தட்டம்மையும் 2022 அக்டோபரில் லிம்போபோவில் தொடங்கிப் பல மாகாணங்களுக்குப் பரவியது. கிரெச் எனப்படும் குழந்தைகள் காப்பகத்திலோ பள்ளியிலோ வேலை பார்க்கிறீர்களா? வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சின்னம்மைக்கு வருவோம். வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்களில் சிறுவயதில் சின்னம்மை வராமல் தப்பியவர்கள் குளிர்நாட்டவரைவிட அதிகம். பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக வரும், கர்ப்பிணிக்கு வந்தால் நிமோனியா வரை போகலாம். முதல் இருபது வாரத்துக்குள் வந்தால் கருவுக்கும் ஆபத்து உண்டு. அது நூறில் இரண்டுக்கும் குறைவு என்றாலும் வந்தால் பெரிய பாதிப்பு. உங்களுக்குச் சின்னம்மை வந்திருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். வேப்பிலை சொருகி, தனி அறையில் படுக்கவைத்து, மூன்று தண்ணீர் ஊற்றியதை எந்த அம்மாவும் மறந்திருக்க மாட்டார். ஆனால் "அம்மை போட்டிருந்தது" என்று மட்டும் சொன்னால் போதாது. நீர் கோத்த கொப்புளங்களா, அல்லது வெறும் சிவப்புத் தடிப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொப்புளம் என்றால் சின்னம்மை, அதற்கு ஊசி தேவையில்லை. தடிப்பு மட்டும் என்றால் அது தட்டம்மையாக இருக்கலாம்.

மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஊசி போடலாமா என்று தயங்குவதும் உண்டு. டர்பன் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் ஆடி மாதம் கூழ் ஊற்றும் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் போடுகிறார்கள். அம்மன் மேல் வைத்த நம்பிக்கைக்கு அதனால் எந்தக் குறையும் வந்ததாக அவர்கள் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

மூன்றாம் படி: ரத்தப் பரிசோதனை

வீட்டருகே ஒரு ஜி.பி.யை, அதாவது பொது மருத்துவரைப் பாருங்கள். "குழந்தைக்கு முயற்சி செய்யப்போகிறோம், அதற்கு முன் எதிர்ப்புச் சக்தி பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அவர் ஒரு படிவம் எழுதித் தருவார். அதை எடுத்துக்கொண்டு லான்செட், ஆம்பத், பாத்கேர் போன்ற லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்கலாம். அந்தப் படிவத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: ருபெல்லா ஐ.ஜி.ஜி., சின்னம்மை ஐ.ஜி.ஜி., ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., சிபிலிஸ். கடைசி மூன்றும் கணவருக்கும் எடுப்பது நல்லது.

ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வந்தால் நல்ல செய்தி, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று பொருள். பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்தே நோய் வந்துவிட்டதென்று பயந்து போன் செய்பவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன். ஐ.ஜி.எம். என்பது வேறு, அண்மையில் நோய் வந்ததா என்று பார்ப்பது. தடிப்போ காய்ச்சலோ எதுவும் இல்லாதபோது அதை எடுக்க வேண்டாம். தவறாகப் பாசிட்டிவ் காட்டி வீண் பதற்றத்தைக் கொடுக்கும்.

பரிசோதனைக்குச் செலவு செய்ய மனமில்லையா? பரவாயில்லை. எதிர்ப்புச் சக்தி இருப்பவருக்கு எம்.எம்.ஆர். போட்டாலும் ஒரு கெடுதலும் இல்லை. கர்ப்பம் இல்லை என்பது உறுதியானால் நேராக ஊசியே போட்டுக்கொள்ளலாம். சின்னம்மை ஊசி ஏற்கெனவே இரண்டு டோஸ் போட்டதற்கு அட்டை இருந்தால் அதற்கும் பரிசோதனை வேண்டாம். ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியைச் சாதாரண லேப் பரிசோதனை சில நேரம் கண்டுகொள்ளாது.

நான்காம் படி: நாட்களைக் கணக்கிடுங்கள்

மாதவிலக்கு வந்த சில நாட்களுக்குள் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. அப்போது கர்ப்பம் இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. ஊசி போடும் சிஸ்டரும் முதலில் கேட்பது கடைசி மாதவிலக்குத் தேதியைத்தான், அதைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

ஒரு பெண்ணுக்கு ருபெல்லா எதிர்ப்புச் சக்தியும் இல்லை, சின்னம்மை எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மார்ச் முதல் வாரம் இரண்டின் முதல் டோசையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில் போடாவிட்டால் இரண்டு உயிருள்ள ஊசிகளுக்கு நடுவே நான்கு வாரம் இடைவெளி வேண்டும். ஆகவே ஒரே நாள்தான் நேரத்தை மிச்சப்படுத்தும். ஏப்ரல் முதல் வாரம் இரண்டாவது டோஸ். அங்கிருந்து நான்கு வாரம் காத்திருப்பு. மே இரண்டாம் வாரத்தில் முயற்சியைத் தொடங்கலாம். மொத்தத்தில் சுமார் இரண்டு மாதம். அந்த இடைவெளியில் ஆணுறை போதும். "பாதுகாப்பான நாள்" பார்த்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் கணக்கு பல பேருக்குத் தப்பியிருக்கிறது.

ருபெல்லா எதிர்ப்புச் சக்தி மட்டும் இல்லையென்றால் காத்திருப்பு இன்னும் குறைவு. ஒரு டோஸிலேயே பெரும்பாலான பெண்களுக்கு ருபெல்லா எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். ஒரு டோஸ், நான்கு வாரம், அவ்வளவுதான். இரண்டாவது டோஸ் முக்கியமாகத் தட்டம்மைக்காக. அதைப் பிரசவத்துக்குப் பிறகும் போடலாம்.

வயது முப்பத்தெட்டு ஆகிறது, ஒரு மாதம் கூட வீணாக்க முடியாது என்பவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு நான் சொல்வது: ருபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் அந்த நான்கு வாரத்தைக் கொடுத்துவிடுங்கள். சின்னம்மையின் இரண்டு டோசுக்கும் காத்திருக்கலாமா என்பதை மட்டும் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை, பள்ளியில் வேலை இல்லை என்றால் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க இடம் உண்டு. ஐ.வி.எஃப். சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள். பரிசோதனைகளுக்கே பல வாரம் போகும், அதே வாரங்களில் ஊசியையும் முடித்துக்கொள்ளலாம்.

எம்.எம்.ஆருக்குப் பிறகு வரக்கூடியவை: கை வலி, ஒரு வாரம் கழித்து லேசான காய்ச்சல் அல்லது தடிப்பு. ருபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லாத வயது வந்த பெண்களில் நாலில் ஒருவருக்கு வரை மூட்டு வலி வரலாம், அது தானாகப் போய்விடும். பானடோ (பாராசிட்டமால் மாத்திரை) போதும்.

உயிருள்ள ஊசி யாருக்குக் கூடாது? புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த நிலையில் எச்.ஐ.வி. உள்ளவர்கள், நியோமைசின் மருந்துக்கோ ஜெலட்டினுக்கோ கடும் ஒவ்வாமை உள்ளவர்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் சில மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள். முட்டை ஒவ்வாமை எம்.எம்.ஆருக்குத் தடை இல்லை.

எங்கே போடுவது? ஊசி போட கிளிக்ஸ், டிஸ்-கெம் போன்ற மருந்துக் கடைகளுக்குள்ளேயே சின்ன கிளினிக் இருக்கும். அங்கே இருக்கும் நர்ஸைத்தான் இங்கே சிஸ்டர் என்பார்கள். எல்லாக் கிளையிலும் எல்லா ஊசியும் இருக்காது. முதலில் போன் செய்து, மருந்து கையிருப்பு இருக்கிறதா, மருத்துவர் சீட்டு வேண்டுமா, மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) இருந்து பணம் போகுமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் போங்கள். போட்ட ஊசியின் பெயர், தேதி, பேட்ச் எண் எழுதி வாங்கிப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாடு மாறும்போது காகிதம் தொலைந்துவிடும், படம் இருக்கும்.

ஐந்தாம் படி: ஃப்ளூவும் கொரோனாவும்

இந்த நாட்டில் ஃப்ளூ பருவம் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குகிறது. அதற்கேற்ப ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரல் வாக்கில் புது ஊசி வரும். வந்தவுடன் போட்டுக்கொள்ளுங்கள், கரு தங்கியிருந்தாலும் தங்காவிட்டாலும். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கடும் காய்ச்சல் அடிப்பது கருவுக்கு நல்லதல்ல, தாய்க்கும் ஃப்ளூ மற்றவர்களைவிடக் கடுமையாக வரும்.

இதற்கு வெளிநாட்டு ஆதாரத்தைத் தேட வேண்டியதில்லை. சோவெட்டோவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் 2011, 2012 ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பேராசிரியர் ஷபீர் மாதியின் குழு நடத்திய அந்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களுக்கும், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்கும், ஃப்ளூ ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நேரடியாக ஃப்ளூ ஊசி போட முடியாது. தாய் வழியாகக் கிடைக்கும் பாதுகாப்புதான் அதற்கு எல்லாம். அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ ஊசியில் முன்னுரிமை உண்டு, கட்டணம் இல்லை.

கொரோனா ஊசி பற்றி. "போட்டால் குழந்தை பிறக்காது" என்ற பேச்சு 2020 டிசம்பர் வாக்கில் பரவியது. ஊசி உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு புரதத்தையும் தாக்கிவிடும் என்பதுதான் அந்தப் பேச்சின் அடிப்படை. இரண்டு புரதங்களும் அப்படிக் குழப்பிக்கொள்ளும் அளவுக்கு ஒத்தவை அல்ல. கருத்தரிக்க முயன்றுகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து 2022 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். கணவர் போட்டிருந்தாலும் மனைவி போட்டிருந்தாலும் கரு தங்கும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை. மாறாக, கணவருக்குக் கொரோனா நோய் வந்த இரண்டு மாதத்துக்குள் அந்த வாய்ப்பு தற்காலிகமாகக் குறைந்தது. ஊசிக்கு முன்னும் பின்னும் விந்தணுக்களை எண்ணிப் பார்த்த மயாமி ஆய்வு 2021-இல் வந்தது. அதிலும் குறைவில்லை.

ஒன்று மட்டும் உண்மை. கொரோனா ஊசிக்குப் பிறகு சிலருக்கு மாதவிலக்கு கொஞ்சம் தள்ளிப்போனது. ஆய்வுகளில் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான மாற்றம், அதுவும் அடுத்தடுத்த சுழற்சியில் சரியாகிவிட்டது. நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ஒரு நாளும் பெரிதாகத்தான் தெரியும். அதனால் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. இப்போது கொரோனா ஊசி வேண்டுமென்றால் கிடைக்குமா என்பதை மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை, ஆஸ்துமா, உடல் பருமன் போன்றவை உள்ளவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள்.

ஆறாம் படி: ஹெபடைடிஸ் பி, மஞ்சள் காய்ச்சல், நாய்க்கடி

தென்னாப்பிரிக்கா 1995-லிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறது. இந்தியா முழுவதும் அது வந்துசேர 2011 ஆனது. ஆகவே இந்தியாவிலிருந்து வந்த பெரியவர்களில் பலர் போட்டிருக்க மாட்டார்கள். பிரசவ நேரத்தில் இந்தக் கிருமி தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுள் முழுவதும் கல்லீரலில் தங்கிவிடும். தாய்க்கு இருப்பது முன்பே தெரிந்தால், பிறந்தவுடன் குழந்தைக்கு ஊசி போட்டுப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தாய்க்கு இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். நடுவில் கரு தங்கினாலும் தொடரலாம்.

தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அலுவல் வேலையாக நைஜீரியா, கென்யா, அங்கோலா என்று அனுப்பினால் சிக்கல் வருகிறது. அங்கிருந்து இந்தியாவுக்கோ திரும்பத் தென்னாப்பிரிக்காவுக்கோ வரும்போது மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பார்கள், இந்தியா இதில் மிகவும் கண்டிப்பு. அது உயிருள்ள ஊசி. போட்டால் நான்கு வாரம் காத்திருப்பு. சான்றிதழ் செல்லுபடியாகப் பத்து நாள் ஆகும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். குழந்தைக்கு முயற்சி செய்யும் மாதங்களில் அப்படி ஒரு பயணம் வந்தால், முடிந்தவரை அதைத் தவிர்க்கப் பாருங்கள். எப்படியும் போகத்தான் வேண்டும் என்று தெரிந்தால் முயற்சி தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். சென்னைக்கு அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் எடுப்பவர்கள், விமான நிலையத்தை விட்டு வெளியே தங்கும்படி பயணம் அமைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நாய்க்கடி பற்றியும் ஒரு வார்த்தை. குவாசுலு-நட்டாலில் நாய்களிடம் வெறிநோய் உண்டு. கடித்தால் சோப்புப் போட்டுப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பமாக இருந்தாலும், முயற்சியில் இருந்தாலும், வெறிநாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

ஏழாம் படி: கணவரும் வீட்டாரும்

கணவருக்கு எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி எதற்கும் காத்திருப்பு விதி இல்லை. மனைவி ஏற்கெனவே கர்ப்பமாக இருந்து அவருக்குப் போட முடியாத நிலை என்றால், கணவர் போட்டுக்கொள்வதுதான் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. முதல் பிள்ளைக்கு எம்.எம்.ஆர். போட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊசி போட்ட பிள்ளையிடமிருந்து ருபெல்லா தாய்க்குத் தொற்றாது. சின்னம்மை ஊசிக்குப் பிறகு பிள்ளைக்குத் தடிப்பு வந்தால் மட்டும், அது ஆறும்வரை கர்ப்பிணி கொஞ்சம் விலகி இருக்கட்டும்.

எட்டாம் படி: ஊசி போட்ட பிறகு கரு தங்கியிருப்பது தெரிந்தால்

எம்.எம்.ஆர். போட்ட இரண்டாவது வாரம் நாள் தள்ளிப்போய், பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்தால் என்ன செய்வது? முதலில் பயத்தை விடுங்கள். தெரியாமல் ருபெல்லா ஊசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளைப் பல நாடுகளில் பல ஆண்டுகள் பதிவு செய்து கவனித்திருக்கிறார்கள். ஊசியால் குழந்தைக்கு ருபெல்லாப் பாதிப்பு வந்ததாக ஒரு நிகழ்வும் உறுதியாகவில்லை. நான்கு வாரக் காத்திருப்பு ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே. அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டிய அவசியமே இல்லை. யாராவது அப்படிச் சொன்னால், வேறு மருத்துவரைப் பாருங்கள். ஊசியின் பெயரையும் தேதியையும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் தன் குறிப்பில் எழுதிக்கொள்வார்.

ஒன்பதாம் படி: காப்பீடும் கிளினிக்கும்

மெடிக்கல் எய்டில் சேர்வதைக் கரு தங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். புதிதாகச் சேர்பவருக்கு மூன்று மாதம் வரை பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நிலைமைக்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருப்பும் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. கர்ப்பமான பிறகு சேர்ந்தால் அந்தப் பிரசவச் செலவு முழுதும் உங்கள் கையிலிருந்து போகலாம். தடுப்பூசிக்காகக் காத்திருக்கும் அந்த மாதங்களில் இந்தப் பொதுக் காத்திருப்பையும் பெரும்பாலும் சேர்த்தே கழித்துவிடலாம்.

மெடிக்கல் எய்ட் இல்லாத கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம். வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும் என்று ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதிப்படுத்தியது. ஆனாலும் சில இடங்களில் வாசலிலேயே காகிதம் கேட்டுத் தடுப்பது நடக்கத்தான் செய்கிறது. பாஸ்போர்ட், விசா நகலோடு போங்கள், தடுத்தால் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று அமைதியாக நில்லுங்கள்.

இதோடு ஃபோலிக் அமிலத்தையும் இப்போதே தொடங்குங்கள், நாளுக்கு 400 மைக்ரோகிராம். இங்கே 2003 முதல் ரொட்டி மாவிலும் மக்காச்சோள மாவிலும் அதைக் கலந்தே விற்கிறார்கள். நம் வீடுகளில் மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்றால் அது நமக்கு வந்து சேர்வதில்லை.

பத்தாம் படி: கரு தங்கிய பிறகு

அரசு கிளினிக்கில் முதல் முறை பதியும்போது மாம்கனெக்ட் சேவையில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். வாரத்துக்கேற்ற குறிப்புகள் போனுக்கு வரும், தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஃப்ளூ ஊசி இன்னும் போடவில்லையென்றால் எந்த மாதமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல் மூன்றுக்கும் சேர்த்து ஓர் ஊசி. இதை முன்கூட்டியே போட்டு முடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போக வேண்டும், அதனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த நேரத்தில் போடுவதுதான் பயன். அரசு கிளினிக்குகளில் முன்பு டெட்டனஸ், டிப்தீரியா மட்டும் இருந்தது, 2024 முதல் கக்குவான் இருமலையும் சேர்த்திருக்கிறார்கள்.

பிரசவத்துக்கு உதவ ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வருவதாக இருந்தால், அவர்களும் ஃப்ளூ ஊசியும் கக்குவான் இருமல் சேர்ந்த ஊசியும் போட்டுக்கொண்டு வரட்டும். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். அதனால் விமான டிக்கெட் எடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.